கடைத்தெருவில் 1926 மண்டிக் கட்டடம்: பாரம்பரிய மதிப்பை எப்படி எடைபோடுவது?

வடக்குவீதி (கேள்வி)

வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் ரயிலடி உள்ள ஒரு சிறு ஊர். அதன் கடைத்தெருவில் இருக்கும் பழைய நெல் மண்டிக் கட்டடம் பற்றித்தான் கேட்கிறேன். விவரங்களை முதலிலேயே தந்துவிடுகிறேன்.

மனை கிழமேல் 22 அடி, தென்வடல் 110 அடி, தெற்குப் பார்த்த முகப்பு. முன்பக்கம் 40 அடி மாடிக்கட்டு: கீழே நான்கு தேக்குத் தூணுடன் மண்டியும் கல்லாத் திண்ணையும், மேலே கணக்கு எழுதும் அறையும் வெளியூர்க்காரர் தங்கும் அறையும். இரண்டு தளமும் மெட்ராஸ் ஒட்டு (மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கல் ஒட்டிய தளம்). அதன் பின்னால் 15 அடி முற்றம். கடைசி 55 அடி மங்களூர் ஓடு போட்ட கிட்டங்கி (சரக்கு வைக்கும் கூடம்). முகப்பில் ஷட்டர் கிடையாது, எண் போட்ட பலகைக் கதவுதான். கைப்பிடிச் சுவரில் சுதையில் 1926 என்றும் இரண்டு பக்கம் கிளியும் இருக்கிறது.

பழுதுகள்: சாலையை உயர்த்தி உயர்த்தி மூன்று படியும் மண்ணுக்குள் போய்விட்டது. கடைத்தளம் இப்போது சாலையைவிட நான்கு அங்குலம்தான் மேலே. உள்சுவரில் 5 அடி உயரம்வரை பிற்காலத்தில் சிமெண்ட் பூசி, தரையில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்கு மேலே உப்பு பூத்துக் காரை உதிர்கிறது. மேற்குச் சுவரில் உட்காரும் கட்டைகளில் ஒன்று முனையில் இறங்கியிருக்கிறது. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. மழைக்கு மாடியில் ஒரு மூலை ஒழுகுகிறது.

பங்காளிகள் மூவர். ஒருவர் இடித்து காம்ப்ளக்ஸ் கட்டலாம் என்கிறார். பார்த்த பொறியாளர் கட்டடத்தின் மதிப்பு பூஜ்யம், மனைக்குத்தான் விலை என்று எழுதிவிட்டார். தூண்களையும் பலகைகளையும் மட்டும் கழற்றித் தரச் சொல்லி மர வியாபாரி ஒருவர் விலை பேசுகிறார். அரசரும் தலைவரும் கால் வைக்காத கடைக்குப் பாரம்பரிய மதிப்பு என்று ஒன்று உண்டா? இருந்தால் பங்காளிகள் ஏற்கும்படி அதை எழுத்தில் எப்படிக் காட்டுவது? சட்டத்தில் தடை ஏதும் வருமா? பழுது பார்ப்பதென்றால் எதை முதலில் தொடுவது?

மரபுக்கணக்கு

சார், மதிப்பு உண்டு. நீங்கள் எழுதியதை வைத்தே நிறையச் சொல்ல முடியும்.

முதலில் அந்தப் பூஜ்யம். மதிப்பீட்டாளர்கள் சுமை தாங்கும் செங்கல் கட்டடத்துக்கு 60, 80 ஆண்டு என்று ஓர் ஆயுள் வைத்து, வருடத்துக்கு இவ்வளவு தேய்மானம் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். நூறு வருடக் கட்டடத்தை அந்தச் சூத்திரத்தில் போட்டால் பூஜ்யம்தான் வரும். அது வங்கிக் கடனுக்கான கணக்கு. கட்டடம் நிற்குமா, அதற்குள் என்ன இருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. உறுதி பற்றிய அறிக்கையைத் தனியாகக் கேளுங்கள், அதுவும் சுண்ணாம்புக் கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளரிடம்.

தஞ்சைச் சீமையில் பெருங்கோயில்கள் நிறைய இருப்பதால் கடைக் கட்டடங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. விளைந்த நெல் காசானது இந்த மண்டிகளில்தான். நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூருக்கு 1861-ல் ரயில் ஓடியது. மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டைக்கு 1894-ல் பாதை வந்தது. அந்தப் பாதையை ஜில்லா போர்டு நிலத்தின் மேல் வசூலித்த செஸ் (கூடுதல் வரி) பணத்தில் போட்டது. மிராசுதாரும் குடியானவரும் கொடுத்த காசில் வந்த ரயில் அது. ரயிலடிக்குப் போகும் தெருவில் மண்டிகள் வரிசையாக எழுந்ததும், முகப்பு குறுகி உள்நீளம் கூடியதும் இதனால்தான். தெருவில் எல்லோருக்கும் முகம் வேண்டும், மூட்டை அடுக்க ஆழம் வேண்டும். 1934-ல் மேட்டூர் அணை வந்து பாசனம் நிலைப்பட்டபோது மண்டிகளுக்கு வேலை கூடியது. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கி, நேரடிக் கொள்முதல் நிலையங்கள் பரவியபின் மண்டித் தெருக்கள் மெல்ல மெல்லத் தொழிலை இழந்தன. அந்த நூறு வருடப் பொருளாதாரம் உங்கள் 110 அடிக்குள் வரிசை கெடாமல் நிற்கிறது.

அதனால் என் தீர்ப்பில் முதல் மதிப்பு அமைப்புக்கு. தெரு, பலகை, மண்டி, முற்றம், கிட்டங்கி என்ற ஒழுங்கு முழுசாக இருக்கும் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. முற்றத்தைத் தளம் போட்டு மூடியவையும் கிட்டங்கியைப் பிரித்து விற்றவையும்தான் அதிகம். இரண்டாவது மதிப்பு மெட்ராஸ் ஒட்டுக்கு. தேக்குக் கட்டைகளின் மேல் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் கொண்ட சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, கட்டைக்கு 45 பாகை சாய்வில் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிய தளம் அது. சதுர அடிக்கு 18 முதல் 20 கல் பிடிக்கும். மேலே செங்கல் ஜல்லிக் காரையை நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு (தட்டையான ஓடு) பதித்திருப்பார்கள். இதைச் செய்யத் தெரிந்த கை இன்று குறைவு. மூன்றாவது மதிப்பு தெருவரிசைக்கு: இரண்டு பக்கத்துக் கடைகளும் அதே உயரத்தில், அதே தாழ்வார வரியில் நின்றால் உங்களுடையது விழும்போது வரிசையே விழும். முகப்புச் சுதைக்கு நான் நான்காம் இடம்தான் தருவேன். எல்லோரும் படம் எடுப்பது அந்தக் கிளிகளைத்தான், ஆனால் கட்டடத்தின் சாரம் அதில் இல்லை.

தேதி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கைப்பிடிச் சுவரில் எழுதிய ஆண்டு பல இடங்களில் முகப்பைப் புதுப்பித்த ஆண்டு. கிட்டங்கி அதற்கு மூத்ததாக இருக்கலாம். காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்லை அளந்து பாருங்கள். பின்னால் சித்துக்கல் என்று கொத்தனார்கள் சொல்லும் மெல்லிய சிறு கல்லும், முன்னால் பெரிய கல்லும் இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் பிணைப்பு இல்லாமல் நேர்கோடாக மூட்டு ஓடினால், இரண்டு காலக் கட்டுமானம் என்று பொருள். ஓட்டின் அடிப்பக்கம் முத்திரை இருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865-ல் தொடங்கியது, முதல் உலகப் போருக்குப் பிறகு காமன்வெல்த் என்ற பெயருக்கு மாறியது. எந்த முத்திரை என்பதைக் கொண்டு கூரையின் காலத்தை ஓரளவு சுருக்கலாம். ஓடு மட்டும் பின்னால் மாற்றியிருக்கவும் வாய்ப்பு உண்டு, ஆகவே ஓட்டை மட்டும் நம்பி ஆண்டு எழுதாதீர்கள்.

எழுத்தில் காட்ட மூன்று பொருள் போதும். ஒன்று, 1:50 அளவில் தளப்படம், ஒரு நீள்வெட்டு, ஒரு முகப்பு. இரண்டு, ஒவ்வொரு அறைக்கும் நான்கு சுவர், தரை, மேல்தளம் என்று ஆறு படம். மூன்று, ஒரு பட்டியல்: ஒவ்வொரு உறுப்புக்கும் எதிரே ‘மூலம்’, ‘பின்மாற்றம்’, ‘இழப்பு’ என்று ஒரு சொல், அதையடுத்து ‘கைவைக்கக் கூடாது’, ‘மாற்றலாம்’, ‘அகற்ற வேண்டும்’ என்று ஒரு முடிவு. தூண், பலகை, ஒட்டு, முற்றம், மாடி ரெட் ஆக்சைடு தரை இருந்தால் அதுவும் முதல் வகை. மின்கம்பி, கழிவறை இரண்டாம் வகை. சிமெண்ட் பூச்சும் டைல்ஸும் மூன்றாம் வகை. பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நெறிகளாக 1979-ல் ஆஸ்திரேலியாவில் எழுதிய பர்ரா சாசனம் முதல் இங்கே நடக்கும் வேலைகள் வரை அடிப்படை ஒன்றுதான்: எது ஏன் முக்கியம் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் உளியை எடுப்பது.

கிட்டங்கிச் சுவரை வெள்ளையடிக்கும் முன் இரவில் டார்ச்சைச் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மூட்டை எண்ணிய கோடுகள், கலம் மரக்கால் (பழைய நெல் அளவை) கணக்கு, தமிழ் எண்கள் கீறியிருந்தால் தெரியும். உத்தரத்தில் தராசு தொங்கிய இரும்புக் கொக்கி, அதற்கு நேர் கீழே தரையில் தேய்ந்த பள்ளம் இரண்டும் சேர்ந்து இருந்தால் அது மண்டிதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பரணில் சிட்டா, பேரேடு கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள்.

உப்பு சத்தியாக்கிரகிகள் தங்கினார்கள் என்று டெல்டாக் கடைத்தெருக்களில் பல கட்டடங்களுக்குச் சொல்வார்கள். ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட அணி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28-ம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது. சோறும் இடமும் தருபவரைத் தண்டிப்பேன் என்று அன்றைய கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தும் ஊர்கள் தந்தன. உங்கள் கடைக்கும் அப்படி ஒரு பேச்சு இருந்தால் அன்றைய பத்திரிகைச் செய்தியோ வழக்குப் பதிவோ கிடைத்த பிறகு சேருங்கள். அதுவரை அது ‘ஊரில் சொல்வது’ என்ற தலைப்பின் கீழ்தான் வரவேண்டும். ஆதாரமில்லாத ஒரு வரி, ஆதாரமுள்ள பத்து வரியின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடும்.

மர வியாபாரிக்குத் தூணைத் தராதீர்கள். நடு உத்தரம் அந்தத் தூண்களில் உட்கார்ந்திருக்கிறது, உத்தரத்தில் கட்டைகள், கட்டைகளில் ஒட்டு. தூணை எடுத்து இரும்புக் குழாய் நிறுத்தும்போது உத்தரம் கால் அங்குலம் இறங்கினாலும் மேலே செங்கல் ஒட்டு வாய்பிளக்கும்.

பழம்பத்திரம்

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன்.

நூறு வருடம் ஆகிவிட்டது என்பதற்காகவே எந்தக் கட்டடமும் தானாகப் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஆகாது. 1958-ம் ஆண்டு மத்தியச் சட்டமோ 1966-ம் ஆண்டு மாநிலச் சட்டமோ, அரசிதழில் அறிவிக்கை வந்தால்தான் பிடிக்கும். பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஆணையம் அமைக்கும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2012-ல் நிறைவேற்றியது, 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோரி ஆவணங்களோடு எழுதலாம். மரபுக்கணக்கு சார் சொன்ன படமும் பட்டியலும் அங்கேயும் உதவும். சேர்ந்தால் இடிக்கும் உரிமை சுருங்கும் என்பதைப் பங்காளிகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பலர் மறப்பது பக்கத்துக் கோயிலை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் அருகில் இருந்தால், 2010-ம் ஆண்டுத் திருத்தப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் 100 மீட்டரில் புதுக்கட்டடம் எழுப்ப முடியாது. பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் அனுமதி வாங்கலாம். அங்கே இடித்தால் காலி மனைதான் மிஞ்சும். இந்த ஒரு அளவை டேப் பிடித்துப் பார்த்தாலே பல வீட்டுச் சண்டை தீர்ந்துவிடும்.

அடுத்தது அடிமனை. டெல்டா கடைத்தெருக்களில் கட்டடம் ஒருவருக்கும் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருப்பது சகஜம். வரி ரசீது உங்கள் பெயரில் இருப்பது கட்டடத்துக்கு மட்டுமாக இருக்கலாம். நகர நில அளவைப் பதிவேட்டில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். கோயில் பெயர் இருந்தால் 1959-ம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம் உள்ளே வரும், விற்பதும் இடித்துக் கட்டுவதும் உங்கள் விருப்பம் மட்டும் அல்ல.

பத்திரங்களைச் சட்டத்துக்கு மட்டுமில்லாமல் வரலாற்றுக்கும் படியுங்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கைத்தேடல் செய்ய வேண்டும். சென்னை மாகாணத்தில் பத்திரப் பதிவு 1865 முதல் உண்டு. சொத்து விவரத்தில் ‘கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி’ என்று அளவு முடிந்ததும் கட்டடத்தை ஒரு வரியில் சொல்லியிருப்பார்கள். ஒரு பத்திரத்தில் ‘ஓட்டுக் கட்டடம்’ என்றும், அடுத்ததில் ‘மெட்ராஸ் ஒட்டு மாடிக் கடைக் கட்டடம்’ என்றும் வந்தால், மாடி அந்த இரண்டு தேதிக்கும் நடுவே எழுந்தது. நான்கெல்லையில் பக்கத்துக் கடைக்காரர்களின் பெயரும் தொழிலும் கிடைக்கும், தெருவின் பழைய படத்தை அதிலிருந்தே வரையலாம். நகராட்சிச் சொத்துவரிப் பதிவேட்டையும் கேளுங்கள். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை எல்லாம் 1866-லேயே நகராட்சி ஆனவை, சிறு ஊர்களுக்கு இவ்வளவு பின்னால் போகாது.

இடித்துக் கட்டினால் லாபம் என்ற கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். 2019-ம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி புதுக்கட்டடத்துக்குச் சாலை அகலத்தையும் பகுதியையும் பொறுத்து முன்னால் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்தம் காட்ட வேண்டும். இப்போது தெருவை ஒட்டி நிற்கும் 22 அடி முகப்பு அப்படியே திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மூன்று பங்காக நீளவாக்கில் பிரித்தால் ஆளுக்கு 7 அடி 4 அங்குலம். அதிலும் இடையே சுவர் வைத்தால் உள்ளே 6½ அடிதான் மிஞ்சும். யாருக்கும் உதவாத அளவு, கட்டடமும் போய்விடும். ஒருவர் மற்ற இருவரிடம் விடுதலைப் பத்திரம் (பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்குவது, அல்லது பிரிக்காமல் வாடகையைப் பங்கிட்டுக்கொள்ள எழுத்து ஒப்பந்தம் போடுவது, இரண்டில் ஒன்று மேல். குடியிருப்பவர் இருந்தால் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுதிப் பதிந்துவிடுங்கள். எதையும் வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

ஆபத்தான கட்டடம் என்று நகராட்சியோ பேரூராட்சியோ நோட்டீஸ் கொடுத்தால் குறித்த நாளுக்குள் பொறியாளர் சான்றோடு பதில் போக வேண்டும். பதில் இல்லாத நோட்டீஸ்தான் பல நல்ல கட்டடங்களை இடிக்க வைத்தது.

காளவாய்

அண்ணே, பழுது வேலைக்கு வருகிறேன். வரிசை முக்கியம்: மேலே தண்ணீர், கீழே தண்ணீர், அப்புறம் மரம், கடைசியில்தான் பூச்சு. பலர் பூச்சில் ஆரம்பிப்பார்கள், அடுத்த ஐப்பசிக்குள் உதிர்ந்துவிடும்.

மேலே: முதலில் தூம்புகளை (மாடி மழைநீர் வெளியேறும் வழிகளை) சுத்தம் பண்ணுங்கள். ஒட்டில் ஒழுகும் மூலைக்கு மேலே நேராக விரிசல் இருக்கும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் காரைக்குள் ஓடி வேறு இடத்தில் இறங்கும். தளத்தின் வாட்டம் 36 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் இருக்க வேண்டும். குளம்போல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் தேக்கிப் பார்க்கும் சோதனையை மெட்ராஸ் ஒட்டில் செய்யவே கூடாது. நனைந்த காரையின் பாரமும் தேங்கிய நீரின் பாரமும் சேர்ந்து பலவீனமான கட்டையின் மேல் இறங்கும். மழை விட்டதும் மேலே போய் ஈரம் காயாத இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டால் போதும். விரிசலை அரை அங்குலம் வி வடிவில் வெட்டி, தூசி தட்டி, நனைத்து, சுண்ணாம்பு விழுதும் சலித்த செங்கல் தூளும் சமமாகக் கலந்து அடையுங்கள். பெயர்ந்த தட்டோட்டை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பில் திரும்பப் பதியுங்கள்.

மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டால் ஒழுகாது என்று யாராவது சொல்வார்கள். உங்கள் 22-க்கு 40 அடி தளத்துக்கு அது சுமார் 10 டன். ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்த நூறு வருடக் கட்டைகளின் தலையில் 10 டன்! அதோடு கீழே மாட்டிய ஈரம் மேலே ஆவியாக வழியில்லாமல் கட்டையில் இறங்கி அழுகவைக்கும். தண்ணீர்த் தொட்டி மாடியில் இருந்தால் அதையும் இறக்குங்கள். 1000 லிட்டர் என்றால் ஒரு டன். முடியாவிட்டால் சுவருக்கு நேர் மேலே இரும்புச் சட்டத்தில் வையுங்கள்.

அரசங்கன்றைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் வேர் உள்ளே தங்கி இரண்டு மடங்காகத் துளிர்க்கும், சுதைக் கிளியும் கையோடு வரும். அடியில் வெட்டி, வெட்டுவாயில் துளை போட்டு கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை ஊற்றி மூடுங்கள். முழுசாகக் காய்ந்த பிறகு அந்த இடத்தில் மூன்று நான்கு வரிசைக் கல்லைப் பிரித்து, வேரை எடுத்து, அதே கல்லைச் சுண்ணாம்பில் கட்டுங்கள்.

கீழே: உங்கள் உப்புக்குக் காரணம் உப்பு இல்லை, சிமெண்டும் டைல்ஸும்தான். டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்குக் கிட்ட வந்துவிடும். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது, அதனால் சுவர் உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சும் மண்ணும் செங்கலும் போட்ட தரையுமாக இருந்தபோது அந்த ஈரம் வழியிலேயே ஆவியாகிப் போனது. டைல்ஸ் போட்டதும் தரை வழி அடைந்தது, சிமெண்ட் பூசியதும் 5 அடிவரை சுவர் வழி அடைந்தது. ஈரம் பூச்சுக்கு மேலே ஏறி, அங்கே ஆவியாகி, உப்பை விட்டுவிட்டுப் போகிறது. உப்பு படிகமாகும்போது விரியும், அதுதான் காரையைத் தள்ளுகிறது. இப்போது சிமெண்ட்டை 8 அடிக்கு உயர்த்தினால் உப்பு மாடிக்கட்டைக்குப் போகும்.

ஆகவே சிமெண்ட்டைக் கையுளியால் எடுங்கள், பிரேக்கர் மிஷின் வேண்டாம். சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு டைல்ஸை எடுத்து அங்கே சரளையும் மணலும் நிரப்புங்கள். பிறகு விட்டுவிடுங்கள். அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது சுவர் காயும் கணக்கு. 18 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் திறந்திருந்தால் 9 மாதம், பக்கத்துக் கடையோடு ஒட்டிய சுவர் என்றால் இன்னும் அதிகம். அதுவரை வெளியே வரும் உப்பை நனைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே ஒரு தாள் விரித்துச் சேகரித்து, வெளியே கொண்டுபோய்க் கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும்.

சாலை உயர்வுக்குப் பதிலாகக் கடைத்தளத்தை உயர்த்தாதீர்கள். தூண் பாதமும் பலகையின் கீழ்ச்சட்டமும் புதைந்துபோகும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலர் உத்தரவு போட்டிருக்கிறார். அடுத்த முறை சாலை போட வரும்போது கடைத்தெருவே சேர்ந்து அதைக் காட்டி மனு கொடுங்கள்.

கட்டை: இறங்கிய முனைக்குக் கீழே முதலில் முட்டுக் கொடுங்கள். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கும்வரை அழுகல். அங்கேயிருந்து நல்ல மரத்தில் இரண்டு அடி போகும்படி கட்டையின் இரண்டு பக்கமும் 5 அங்குல சி-சானல் (C வடிவ இரும்புச் சட்டம்) வைத்து, குறுக்கே 12 மில்லி போல்ட் நான்குக்குக் குறையாமல் முடுக்குங்கள். சானலின் முனை சுவருக்குள் கருங்கல் பலகையில் உட்காரட்டும், முனையைச் சுற்றி ஓர் அங்குலம் காற்றிடம் விடுங்கள். முன்பு அந்த இடைவெளியைச் சாந்தால் அடைத்ததாலும் மேலே தூம்பு கசிந்ததாலும்தான் முனை அழுகியிருக்கும். ஒரு கட்டை இறங்கினால் அதே சுவரில் மற்ற முனைகளையும் குத்திப் பார்க்காமல் விடக்கூடாது. சானல் கீழிருந்து தெரியும், தெரியட்டும். பழுது பார்த்தது தெரிவதில் தவறில்லை.

பூச்சு: தை மாதத்துக்கு மேல் தொடங்கி பங்குனிக்குள் முடியுங்கள். சித்திரை வெயிலில் சுண்ணாம்பு வெடிக்கும், ஐப்பசியில் காயாது. கடற்கரைப் பக்கம் கிடைக்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு சுத்தமானது, ஆனால் ஈரச் சுவரில் தானாக இறுகாது, செங்கல் தூள் சேர்ந்தால்தான் பிடிக்கும். தூளுக்கு உருகிக் கறுத்த கல் உதவாது, கொஞ்சம் குறைவாக வெந்த சிவப்புக் கல்தான் வேலை செய்யும். சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, தண்ணீருக்கு அடியில் 15 நாளாவது விடுங்கள். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வை போகும். கலவை: விழுது 1, செங்கல் தூள் 1, மணல் 2. முக்கால் அங்குலக் கனத்துக்கு 100 சதுர அடிக்கு 6¼ கன அடி சாந்து வேண்டும். அதற்கு விழுது 2¼ கன அடி, தூளும் மணலும் சேர்த்து 6¾ கன அடி, சேதாரம் பத்தில் ஒன்று கூட. கடுக்காய், வெல்லம் ஊறவைத்த நீரை அளவாகச் சேருங்கள். வெல்லம் மிஞ்சினால் இறுக்கம் தள்ளிப்போகும், எறும்பும் வரும். இரண்டு கோட்டாகப் பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு இரண்டு வாரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், மெல்லியதாக ஐந்து கோட்டு. பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் செய்ததெல்லாம் வீண்.

கிட்டங்கி ஓட்டுக்கு 100 சதுர அடிக்கு சுமார் 140 ஓடு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது ஓடு பறந்தது தாழ்வார ஓரத்தில்தான் தொடங்கியது. கடைசி இரண்டு வரிசை ஓட்டையும் ரீப்பரோடு (ஓடு தாங்கும் மரச்சட்டம்) கம்பியால் கட்டுங்கள்.

வடக்குவீதி

மிக்க நன்றி, பங்காளிகளுக்கு அப்படியே படித்துக் காட்டுகிறேன். இன்னும் இரண்டு. ஒழுகலுக்கு மாடிமேல் தகரக் கூரை போடலாமா? வாடகைக்குக் கேட்பவர் கீழே காபி ஹோட்டல், மேலே அறைகள் என்று கேட்கிறார். சரிவருமா?

காளவாய்

தகரம் வேண்டாம் அண்ணே. கால் ஊன்ற ஒட்டில் துளை போடுவார்கள், அந்தத் துளைதான் அடுத்த ஒழுகல். புயலில் தகரம் தூக்கும்போது காலோடு காரையும் வரும். ஒரு பருவம் தாங்க வேண்டுமென்றால் ஒழுகும் மூலையில் மட்டும் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் மணல் மூட்டை வையுங்கள்.

மரபுக்கணக்கு

கடையாக ஓடுவதுதான் கடைக்குப் பாதுகாப்பு, அதனால் வாடகைக்கு விடுவதை வரவேற்கிறேன். தரங்கம்பாடியில் சுனாமிக்குப் பிறகு பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் பழுது பார்த்த கோல்ட்ஸ்மித் தெரு வீடுகள் நிற்பதும் புழக்கத்தில் இருப்பதால்தான். ஆனால் மாடியில் குளியலறை கூடாது. கசியும் ஒரு குழாய் மூன்று வருடத்தில் மூன்று கட்டையை எடுத்துவிடும். நீர்ப்புழக்கம் எல்லாம் முற்றத்தின் பின் ஓரத்தில், தரைமட்டத்தில், பழைய சுவரைத் தொடாமல் தனிச்சுவர் வைத்துக் கட்டியதாக இருக்கட்டும். அடுப்பும் அங்கேதான், புகைக்குழாய் ஓட்டுக்கு மேலே போக வேண்டும், ஒட்டை உடைத்துப் போகக் கூடாது. ஹோட்டலைவிடத் துணிக்கடை, பாத்திரக்கடை, விதைக்கடை இந்தக் கட்டடத்துக்குப் பொருந்தும். எவர் வந்தாலும் மாடியில் சரக்கு அடுக்குவதை ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடுங்கள். 50 கிலோ மூட்டை பத்து ஒரு மூலையில் குவிந்தால் அரை டன்.

வாடகைக்கு வருபவர் முதலில் கேட்பது ஷட்டர். பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போட விடாதீர்கள். பலகை வரிசைக்கு உள்ளே ஓர் அடி தள்ளி, தூணைத் தொடாமல், தனி இரும்புச் சட்டத்தில் ஷட்டர் நிற்கலாம். பெட்டியும் உள்பக்கம். பலகைகளில் கீறிய எண் வரிசை அழியாதபடி மணல்தாளை எண்ணின் மேல் ஓட்டாமல், மூன்று பங்கு ஆளிவிதை எண்ணெய்க்கு ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து துணியால் தேயுங்கள், வார்னிஷ் வேண்டாம். கீழ்ச்சட்டம் சாலை ஈரத்தில் மக்கியிருந்தால் அதே காடி (பலகை இறங்கும் பள்ளம்) அளவுக்கு வெட்டிய கருங்கல் சட்டம் வைத்துவிடுங்கள். பலகையின் அடி மக்கியிருந்தால் மக்கிய நீளத்தை மட்டும் அறுத்துப் பழைய தேக்குத் துண்டை இணையுங்கள். காடியில் வெளிப்பக்கமாக அரை அங்குலத் துளை இரண்டு போட்டால் மழைத் தண்ணீர் தேங்காது.